மரதன் ஓடியவர் தேறும் காலம்

மரதன் என்னும் நெட்டோட்டத்தின் பிறப்புக் கதையை அறியாத மாணவர் இலர். கி.மு. 490ஆம் ஆண்டில் அதென்ஸ் நகரத்தார் மரதன் வெளியிலே பாரசீகப் படையை வென்றனர் என்பதும், அவ்வெற்றியை ஓடிவந்து உரைத்த தூதன் உரைத்த மாத்திரத்தே வீழ்ந்து உயிர் நீத்தான் என்பதும் நாம் இளமையிற் கேட்டவை. யானும் இக்கதையை வகுப்பறையிற் பலகாற் சொல்லியுள்ளேன். சொல்லுந்தோறும் அத்தூதனைக் கடமைக்கு உயிரீந்த சான்றோனாகவே காட்டினேன். அவன் ஏன் இறந்தான் என்று ஒருநாளும் வினவினேனல்லேன்.

வினவியிருந்தால் விடை கதையிலேயே கிடைத்திருக்கும். வரலாற்றாசிரியரான ஹெரடோட்டஸ் இம்மரணத்தைச் சொல்லவேயில்லை. படையுதவி வேண்டி அதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய பெய்டிப்பிடிஸ் என்பவனையே அவர் குறிக்கின்றார். அத்தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். புறப்பட்ட மறுநாளே அவன் அங்குச் சேர்ந்தானாம். வெற்றிச் செய்தி கொணர்ந்து இறந்தவனைப் பற்றிக் கூறும் புளூட்டார்க், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்குப் பின் வந்தவர். அவர் வேறு பெயர்களைத் தருகின்றார். இவ்விரு செய்திகளையும் ஒருவன்மேல் ஏற்றி இன்று வழங்கும் கதையைப் பரப்பியது ஆங்கிலக் கவிஞர் றொபேட் பிரௌனிங் 1879இல் வெளியிட்ட கவிதையாகும். அக்கவிதையின்படி, ஸ்பார்ட்டாவுக்கு ஓடி மீண்டவனே போரிலும் நின்று, போர் முடிந்ததும் அதென்ஸுக்கு ஓடி இறந்தான். கற்பனையே ஆயினும் இக்கதையைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவனைக் கொன்றது இறுதியில் ஓடிய 40 கிலோமீற்றர் அன்று என்பது புலப்படும். முன்னர் ஓடிய ஓட்டத்திலிருந்து தேறுமுன் மறுபடியும் ஓடியமையே அவனைக் கொன்றது. மரதனின் தோற்றக்கதை, நோக்கின், உரிய காலத்துக்கு முன் ஓட்டத்துக்குத் திரும்பியவனின் கதையாகும்.

1896இல் அதென்ஸில் நடந்த முதலாவது ஒலிம்பிக்கில், மிஷேல் பிரெயால் என்னும் பிரெஞ்சு மொழியியலறிஞரின் யோசனைப்படி இவ்வோட்டம் சேர்க்கப்பட்டது. (ஓட்டப்போட்டி ஒன்றை உலகுக்கு அளித்தவர் மொழிநூற் புலவர் என்பதில் எம்போன்றோருக்குச் சிறிது பெருமையுண்டு.) 1908இல் இலண்டனில் ஓடப்பட்ட 42.195 கிலோமீற்றரே 1921இல் நிலையான தூரமாயிற்று. நம் பாடசாலைகளில் ஐந்து, பத்து கிலோமீற்றர் வீதியோட்டத்தையும் மரதன் என்றே வழங்குகின்றோம். அதனால் இத்தூரத்தின் கடுமை நம் மனத்திற் பதிவதில்லை. கல்முனையிலிருந்து வடக்கே மருதமுனை, பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி, குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி எனக் கடந்து மட்டக்களப்பு நகரை அடைய ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பேருந்தில் இருந்து செல்வதற்கே ஒரு தூக்கம் தூங்கி எழலாம். அத்தொலைவைக் காலால் ஓடிக் கடப்பதே மரதன்.

அவ்வாறு ஓடியவன் ஒருவனை யான் அறிவேன். என் பழைய மாணவன். கடற்றொழிலாளி ஒருவரின் மகன். அப்போது வயது இருபத்து நான்கு. கொழும்பிலே முழு மரதன் ஓடி முடித்து, அன்றிரவே பேருந்தேறி விடியற்காலையில் ஊர் வந்திறங்கினான். இறங்கும்போது படிகளில் முன்னோக்கிக் கால்வைக்க இயலாமற் கம்பியைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்கினான். அழைத்துவரச் சென்ற நண்பர்கள் நகைத்தனர், அவனும் நகைத்தான். மூன்றாம் நாள் நொண்டினான். ஐந்தாம் நாள் என் வீட்டுக்கு வந்து, “இப்ப நோகுதில்ல சேர்” என்றான்.

அவ்வாரத்தில் எமது பாடசாலை வீதியோட்டம் நடைபெறவிருந்தது. பழைய மாணவர்க்கென 10 கிலோமீற்றர் ஓட்டமொன்றும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. “நீ ஓடினால் பிள்ளைகளுக்கு ஊக்கமாயிருக்கும்” என்று அவனிடம் சொன்னவன் யானே. காலைக் கூட்டத்தில் அவனை மேடையேற்றி, கருணானந்தாவின் கதையையும் சொன்னேன். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில், ஏனையோர் முடித்து வெளியேறிய பின்னும் நம் நாட்டு ரணதுங்க கருணானந்தா தன்னந்தனியனாய் எஞ்சிய சுற்றுக்களை ஓடி முடித்தார். முதலில் எள்ளிய கூட்டம் பின்னர் எழுந்து கைதட்டிற்று. யப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்ற அந்நிகழ்ச்சியைச் சொல்லி, “நோவைப் பொருட்படுத்தாதவனே வீரன்” என்று முடித்தேன். கைதட்டல் எழுந்தது. எட்டாம் நாள் அவன் ஓடினான், முதலாவதாகவும் வந்தான்.

மூன்றாம் வாரம் அவனுடைய இடது கணைக்கால் எலும்பில் ஓரிடத்தைத் தொட்டாலே துடித்தான். எடுத்த எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் பூசிக் கட்டினர். மருந்துக்கடையில் வாங்கிய நோக்குளிசைகளை விழுங்கியபடி மேலும் இரு வாரம் நடந்தும் ஓடியும் திரிந்தான். பின்னர் எடுத்த படத்தில் எலும்பின் வெடிப்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. யான் காணச் சென்றபோது அவன் தாயார் வாசலில் நின்று சொன்ன சொல் இன்றும் என் காதில் உள்ளது: “வருத்தக்காரனுக்கு நோன்பையே பொறகு புடிக்கச் சொல்லி அல்லாஹ் சலுகை தந்திருக்கான் சேர். நீங்க ஓடச் சொல்லிட்டீங்களே.” மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதன் பின்னரே இதுபற்றிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவம் என் துறையன்று. ஆயினும் அறிந்தவற்றைச் சொல்லாமல் விடுதல் இரண்டாவது பிழையாகிவிடும்.

மரதன் ஓடுபவன் ஏறக்குறைய நாற்பதாயிரம் அடிகள் வைக்கின்றான். ஒவ்வோர் அடியிலும் அவன் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகின்றது. அவ்விசையைத் தாங்குங்கால் தொடைத்தசை, நீண்டுகொண்டே இறுகவேண்டிய நிலைக்கு ஆளாகின்றது. தசைநார்களை மிகுதியாய்ச் சிதைப்பது இவ்வகை இறுக்கமே. படியேறுவதிலும் படியிறங்குவது மறுநாள் கடினமாயிருப்பதற்கும், என் மாணவன் பின்புறமாக இறங்கியதற்கும் இதுவே காரணம். சிதைந்த நார்களிலிருந்து கிரியேற்றின் கைனேஸ் என்னும் நொதியம் குருதியிற் கசிகின்றது. ஓட்டத்தின் மறுநாளளவில் உச்சமடையும் அதன் அளவு, ஒரு வாரம் சென்றும் சிலரிடம் பழைய நிலைக்கு இறங்குவதில்லை. மரதன் ஓடியோரின் கெண்டைத்தசையிற் சிறு துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியால் நோக்கிய ஆய்வாளர், நார்களின் அழிவையும் பழுதுபார்ப்பையும் வாரக்கணக்கிற் கண்டனர்.

நோவோ அப்படி நீடிப்பதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் முதிர்ந்து, ஐந்தாம் ஆறாம் நாளில் அடங்கிவிடுகின்றது. தீங்கு நேர்வது இவ்விடத்திலேதான். நோவு போயிற்று, பழுது போகவில்லை. கொத்தனார் வேலை முடிக்குமுன் சாரம் கழன்ற சுவர் போன்றது அந்நிலை. வெளியிற் பார்ப்பவனுக்குக் கட்டடம் முடிந்ததாகவே தோன்றும்.

எலும்பின் செய்தி இன்னும் வியப்பானது. எலும்பு உயிரற்ற தூணன்று. புதுச்சுமை ஏறும்போது அது தன்னைத் திருத்திக்கொள்கின்றது. ஆயின் அது முதலிற் பழைய பகுதியைக் கரைத்து அகற்றும். பிறகே புதியதை இடும். கரைத்தற்குச் சில வாரங்களும் புதிதாக இட்டு உறுதியாக்கச் சில மாதங்களும் செல்கின்றன. இடைப்பட்ட அவ்வாரங்களில் எலும்பு முன்னையினும் வலிமை குன்றியே நிற்கும். அந்நேரத்திற் சுமைமேற் சுமை ஏறினால் நுண்வெடிப்புக்கள் ஒன்றுசேர்ந்து முறிவாகின்றன. தொடக்கத்தில் எக்ஸ்றே அதனைக் காட்டாமற் போவது வழமை. ஆறத் தொடங்கிய பின்னரே பலவேளை அது படத்திற் தோன்றும். ஆதலின், எலும்பில் ஒரே இடத்தைத் தொட நோகுமானால், “படத்தில் ஒன்றுமில்லை” என்பதைக் கொண்டு ஓடலாகாது.

நோயெதிர்ப்பும் குன்றுகின்றது. 1987இல் லொஸ் ஏஞ்சலிஸ் மரதனை ஓடியவர்களிடம் நடத்திய ஆய்வில், ஓட்டத்தின் பின் ஒரு வாரத்துள் நூற்றுக்கு 12.9 பேர் தடிமன் முதலிய தொற்றுக்களுக்கு ஆளாயினர். அவர்களைப்போற் பயின்றும் அன்று ஓடாதிருந்தவரில் அத்தொகை 2.2 மட்டுமே. தசையிற் சேமித்த கிளைக்கோஜன் என்னும் மாப்பொருள் மீள நிறைவதற்கும் நல்ல உணவுடன் பல நாள் வேண்டும்.

நோக்குளிசை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதனை நம் ஊரில் மிட்டாய்போல வாங்குகின்றோம். அழற்சி தணிக்கும் இவ்வகைக் குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைக்கின்றன. நீரிழந்து, தசைச் சிதைவின் கழிவைச் சிறுநீரகம் வடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவற்றை விழுங்குதல் ஆபத்தானது. நெட்டோட்டத்தின் பின் சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்துப் போகுமானால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று இருத்தல் தகாது.

இவற்றையெல்லாம் படித்தபோது, யான் மேடையிற் சொன்ன டோக்கியோவுக்கே மனம் மறுபடியும் சென்றது. அதே ஒலிம்பிக்கில் மரதனை வென்றவர் எத்தியோப்பியரான அபேபே பிகிலா. 1960இல் உரோமாபுரியிலே வெறுங்காலுடன் ஓடிப் பொன் வென்றவர் அவர். டோக்கியோ ஓட்டத்துக்கு ஐந்து வாரங்களுக்கு முன், 1964 செப்டெம்பர் 16ஆம் நாள் அவருக்குக் குடல்வாலை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. ஒக்டோபர் 21ஆம் நாள் 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில் ஓடி உலகச் சாதனையுடன் வென்றார். அடுத்து வந்தவருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் முந்தி முடித்துவிட்டு, மைதானப் புல்லில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். சத்திரசிகிச்சையையும் பொருட்படுத்தாத வீரர் என்று உலகம் இன்றும் இதனைச் சொல்லும்.

அதற்கு அடுத்த அத்தியாயத்தைச் சொல்வோர் குறைவு. 1968இல் மெக்சிக்கோ நகரில் மூன்றாம் பொன்னை நாடிச் சென்ற பிகிலாவின் இடக்கால் எலும்பில் வெடிப்பிருந்தது. ஓட்டநாள்வரை காலூன்றாதிருக்குமாறு மருத்துவர் கூறினர். ஓட்ட நாளில் அவர் புறப்பட்டார். 16, 17 கிலோமீற்றர் அளவில் நின்றுவிட்டார். பொன் அவர் நாட்டவரான மாமோ வோல்டேக்குக் கிட்டியது. ஒரே மனிதர்; ஒரே மனத்திண்மை. குடல்வால் அகற்றிய புண் ஐந்து வாரத்தில் ஆறியது. அப்புண்ணின்மேல் ஒவ்வோரடியும் விசை இறங்குவதில்லை. சுமை தாங்கும் எலும்பு அவ்வாறு இணங்கவில்லை. வீரத்தின் அளவு இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை.

டோக்கியோவில் மூன்றாவதாக வந்தவர் யப்பானியரான கொக்கிச்சி சுபுராயா. இரண்டாவதாக மைதானத்தினுள் நுழைந்து, தம் நாட்டு மக்களின் கண்முன்னே பின்தள்ளப்பட்டவர். மெக்சிக்கோவில் ஈடுசெய்யவேண்டும் என்னும் பாரம் அவர்மேல் ஏறிற்று. முதுகுநோவு அவரை வருத்தியது. 1967இல் மருத்துவமனையிற் கிடந்தார். 1968 சனவரியில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரின் முழுக் காரணத்தையும் ஓட்டத்தின்மேல் ஏற்றுதல் முறையாகாது. எனினும், ஒருவனிடம் அவன் உடல் தரக்கூடியதற்கு மேல் ஊரார் கேட்கும்போது அக்கேள்வியின் பாரம் எத்தகையது என்பதை மேடையேறிப் பேசுவோர் எண்ணவேண்டும். என்னையும் சேர்த்தே சொல்கின்றேன்.

அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் போலா ரட்கிளிஃப் பட்டதும் இதற்கு நெருங்கியதே. 2003இல் இலண்டனில் அவர் ஓடிய 2 மணி 15 நிமிடம் 25 செக்கன் என்பது பதினாறு ஆண்டு பெண்களுக்குரிய உலகச் சாதனையாய் நின்றது. 2004 ஒகஸ்ட் 22ஆம் நாள் அதென்ஸ் ஒலிம்பிக் மரதனில் 36 கிலோமீற்றர் அளவில் நின்று வீதியோரத்தில் அமர்ந்து அழுதார். முன்னர் ஏற்பட்ட கால்நோவுக்காக உட்கொண்ட அழற்சி தணிப்பான்கள் வயிற்றைக் கெடுத்தன என்பது பின்னர் தெரிந்தது. ஐந்து நாள் கழித்து, நாட்டாரின் ஏமாற்றத்தைப் போக்க எண்ணி 10,000 மீற்றர் ஓட்டத்தில் இறங்கினார். எட்டுச் சுற்று எஞ்சியிருக்க அதனையும் கைவிட்டார். அதே ஆண்டு நவம்பரில், பதினொரு வாரம் சென்றபின், நியூயோர்க் மரதனில் வென்றார். ஐந்து நாளில் மறுத்த கால்களே பதினொரு வாரத்தில் இசைந்தன.

அவ்வாறாயின் எத்தனை நாள் பொறுத்தல் வேண்டும்? நியூசிலாந்தின் ஜக் ஃபொஸ்டர் என்பவர் பெயரால் ஒரு கணக்கு வழங்குகின்றது: ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடும் ஓட்டம் தவிர்க்க. மரதனுக்கு 26 நாள் ஆகின்றது. அவர் வெறும் ஏட்டறிஞர் அல்லர். 1974இல் தம் 41ஆம் வயதிலே பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 2 மணி 11 நிமிடத்தில் மரதனோடி வெள்ளி வென்றவர். முதல் வாரம் நடையும் நீச்சலும் போதும். இரண்டாம் வாரத்தில், நோவு முற்றும் நீங்கியிருந்தால், பேசிக்கொண்டே ஓடக்கூடிய குறுகிய மென்னோட்டம். வேகவோட்டமும் போட்டியும் நான்காம் வாரம் கடந்த பின்னரே. முதுமையும் வெப்பமும் இக்கணக்கை நீட்டுமேயன்றிக் குறைப்பதில்லை. நோன்பு மாதத்திலே பகலில் நீரின்றி இருப்பவன் இந்நாட்களை இன்னும் பெருக்கிக்கொள்ளல் நன்று.

தமிழில் இந்நிலைக்குத் ‘தேறுதல்’ என்றொரு சொல் உண்டு. நோயினின்று மீள்வதும் தேறுதல். மனம் ஆறுவதும் தேறுதல். கலங்கிய நீர் தெளிவதும் தேறுதல். நம் முன்னோர் கலங்கல் நீர்க் குடத்தின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பர். உரைப்பது சிறிது நேரம்; பின்னர் செய்யவேண்டியது குடத்தை அசைக்காதிருத்தல் ஒன்றே. தெளிந்ததா என்று பார்க்க அடிக்கடி குடத்தை ஆட்டுபவன் கலங்கலையே குடிப்பான். ஐந்தாம் நாள் ‘கால் எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று ஓடிப் பார்ப்பவனும் அவனே. வள்ளுவரும் வலியறிதலையும் காலமறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். போர்க்கடா பின்வாங்குவது பாய்வதற்கே என்னும் உவமை காலமறிதலில் வருகின்றது. அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் பதவுரை பொழிப்புரையுடன் நடத்தியவன், பின்வாங்கி நின்ற ஒருவனைப் பிடித்துத் தள்ளினான்.

கருணானந்தாவின் கதையை யான் இப்போதும் சொல்கின்றேன். அது சொல்லத்தக்க கதையே. ஆயின் பிகிலாவின் மெக்சிக்கோவையும் உடன் சொல்கின்றேன். தொடங்கிய ஓட்டத்தை முடித்தல் வேறு, முடித்த ஓட்டத்தின் புண் ஆறுமுன் இன்னொன்றைத் தொடங்குதல் வேறு என்பது மாணவர்க்கு விளங்குகின்றது, விளங்காதிருந்தவன் ஆசிரியனே. 2024 மார்ச்சில் நம் கரையோரத்திலேயே பாடசாலை மரதன் ஓட்டமொன்றில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அது வேறு வகை நிகழ்ச்சி. அதனை இதனோடு குழப்பலாகாது. ஆயினும் அதன்பின் எந்தப் பிள்ளையையும் ஓடுகோட்டில் நிறுத்துமுன், அவன் சென்ற வாரம் எங்கே ஓடினான், காய்ச்சல் இருந்ததா, எங்கேனும் நோகிறதா என்று கேட்டறிதலை எம் பாடசாலையில் வழக்கமாக்கினோம். சில பிள்ளைகள் ஓட ஆசைப்பட்டு நோவை மறைக்கின்றனர். அவர்களைப் படியிறங்கச் சொல்லிப் பார்க்கின்றேன்.

என் மாணவன் பத்து வாரம் ஓடவில்லை. முதல் நான்கு வாரம் ஊன்றுகோலுடன் இருந்தான். வாப்பாவின் தோணிக்கும் போகவில்லை. அக்காலத்தில் வாரம் ஒருமுறை அவன் வீட்டுக்குச் சென்றேன். மூன்றாம் முறை அவன் உம்மா தேநீர் கொடுத்தனுப்பினார். பதினோராம் வாரம், ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் பாடசாலை மைதானத்துக்கு வரச் சொன்னான். ஒரு நிமிடம் மெல்ல ஓடுவதும் நான்கு நிமிடம் நடப்பதுமாக ஐந்து முறை செய்தான். யான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். ஐந்தாம் முறை முடிந்ததும், முகத்திற் களைப்பே இன்றி, என்னிடம் வந்தான்.

“இன்னும் ஓடலாம் சேர். இண்டைக்கு இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, புல்லில் அமர்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.